ஹாலிவுட்டில் தயாரிப்பாளர்களும் சங்கங்களும் கூட்டாக ஏன் பேரம் பேசுகிறார்கள்?

ஒவ்வொரு எழுத்தாளரும் தனியாகப் பேசி ஊதியத்தை முடிவு செய்துகொள்ளலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு படம் முடிந்ததும் அடுத்த நிறுவனத்தைத் தேடிப் போக வேண்டியவருக்கு அந்த வலு கிடையாது. அதனால்தான் பெரிய ஸ்டுடியோக்களின் சார்பில் ஏ.எம்.பி.டி.பி. என்ற கூட்டமைப்பு, எழுத்தாளர், நடிகர், இயக்குநர் சங்கங்களோடு தனித்தனியே அமர்ந்து, வழக்கமாக மூன்று ஆண்டுகளுக்கான ஒப்பந்தத்தைப் பேசி முடிக்கிறது. ஊதியத்தில் அது வகுப்பது கீழ்வரம்பை மட்டுமே. அதற்கு மேல் கேட்டுப் பெற எவருக்கும் தடையில்லை.

உண்மையான இழுபறி, படைப்பு மீண்டும் மீண்டும் காட்டப்படும்போது கிடைக்க வேண்டிய தொகையில்தான். 2023இல் 148 நாட்கள் வேலைநிறுத்தம் செய்த எழுத்தாளர்கள், பெரிய பட்ஜெட்டில் எடுக்கப்பட்ட ஸ்ட்ரீமிங் தொடரை வெளியான 90 நாட்களுக்குள் அத்தளத்தின் உள்நாட்டுச் சந்தாதாரர்களில் 20 சதவீதத்தினர் பார்த்தால் கூடுதல் தொகை தரப்பட வேண்டும் என்ற விதியை வென்றெடுத்தார்கள். பார்வையாளர் கணக்கைப் பெரும்பாலும் மறைத்தே வைத்திருந்த நிறுவனங்களிடம் இதைப் பெற்றது, என் பார்வையில், ஊதிய உயர்வைவிடப் பெரிய வெற்றி.