மலை ரேன்ச்சில் தங்கி ட்ரௌட் பிடிக்க: வாசகர் கேள்வி - பதில்

அமெரிக்காவின் மொன்டானா, வயோமிங், கொலராடோ மாநிலங்களின் மலைப் பள்ளத்தாக்குகளில் மாடு வளர்க்கும் ரேன்ச்சுகள் சில, தங்கள் நிலத்து ஓடையோரம் மரக் கேபின்கள் கட்டி, ட்ரௌட் என்னும் குளிர்நீர் மீனைப் பிடிக்க வருவோருக்கு வாடகைக்கு விடுகின்றன. அவற்றைப் பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே.

மே கடைசியில் வரும் மெமோரியல் டே விடுமுறையோடு இரண்டு நாள் சேர்த்து மொன்டானாவில் ஒரு ரேன்ச் கேபின் எடுக்க நினைக்கிறோம். வாடகையும் குறைவாகச் சொல்கிறார்கள். போகலாமா?
*– வாசகர், டாலஸ்*

மீன்பிடிக்கத்தான் என்றால் வேண்டாம். வாடகை குறைவாக இருப்பதற்குக் காரணமே அந்தத் தேதிதான். மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை மலைப்பனி உருகி இறங்கும். ஓடை கரை நிரம்பி, கலங்கி, மரக்கிளைகளை அடித்துக்கொண்டு ஓடும். மீனுக்கு நீங்கள் தூண்டிலில் கட்டிய செயற்கைப் பூச்சி தெரியாது. உங்களுக்குக் காலடி தெரியாது.

எந்த வாரம் தெளியும் என்பது அந்த ஆண்டுப் பனியைப் பொறுத்தது. அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை ஆறுகளில் பொருத்தியிருக்கும் நீரோட்ட அளவிகளின் வரைபடம் இணையத்தில் இலவசம். ரேன்ச்சுக்கு மிக அருகில் உள்ள அளவியைத் தேடி, கடந்த நான்கைந்து ஆண்டுகளின் கோட்டைப் பாருங்கள். உச்சத்திலிருந்து இறங்கிச் சீராகும் வாரம் எது என்று தெரிந்துவிடும். பெரும்பாலான இடங்களில் அது ஜூலை முதல் பாதி.

ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலும் வேறு சிக்கல். உலர்புல் வளர்க்க ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டி வயலுக்குப் பாய்ச்சுவார்கள். சிறிய ஓடை பாதியாக வற்றி, பிற்பகலில் சூடேறும். தண்ணீர் 68 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் (20 செல்சியஸ்) ட்ரௌட் மூச்சுக்குத் திணறும். பிடித்துத் திரும்பத் தண்ணீரில் விட்டாலும் பிழைப்பது சந்தேகம். மொன்டானாவில் தொடர்ந்து மூன்று நாள் 73 டிகிரியைத் தொட்டால், மதியம் 2 மணியிலிருந்து நள்ளிரவு வரை மீன்பிடிக்க அரசே தடை போடும். அதை ‘ஹூட் அவ்ல்’ தடை என்பார்கள். அந்த நாட்களில் விடிந்ததும் இறங்கி, பதினோரு மணிக்குக் கரையேறிவிட வேண்டும்.

பள்ளிக் குழந்தைகள் இல்லாத குடும்பத்துக்கு எங்கள் பரிந்துரை செப்டம்பர் இரண்டாம், மூன்றாம் வாரம். புல் அறுப்பு முடிந்து ஓடையில் தண்ணீர் திரும்பியிருக்கும். கொசு கிடையாது. இரவில் உறைபனி விழும், அவ்வளவுதான்.

ஆறு பொதுச்சொத்துதானே? நெடுஞ்சாலை ஓர மோட்டலில் தங்கிவிட்டு ஆற்றில் இறங்கினால் போதாதா? எதற்கு ரேன்ச்சுக்குப் பணம்?
*– வாசகர், ஃப்ரீமான்ட்*

மாநிலத்தைப் பொறுத்தது. மொன்டானாவில் 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தனியார் நிலத்தின் நடுவே ஓடும் ஆறாக இருந்தாலும், வழக்கமான உயர்நீர்க் குறிக்குள் (வழக்கமாக நீர் ஏறும் கரைக்கோட்டுக்குள்) நடந்து மீன் பிடிக்கலாம். ஆனால் ஆற்றை அடைய ஒருவர் வயலைக் குறுக்கே கடக்க உரிமை இல்லை. பாலத்தருகிலோ அரசின் மீன்பிடி இறங்குதுறையிலோதான் இறங்க வேண்டும். வயோமிங்கில் கதை தலைகீழ். தனியார் நிலத்தில் ஆற்றுப்படுகையும் உரிமையாளருடையது. படகில் மிதந்து போகலாம். காலூன்றி நின்றால் அத்துமீறல். கொலராடோவிலும் தனியார் படுகையில் நடப்பது வழக்கில் கொண்டுபோய் விடும். இந்த இரண்டு மாநிலங்களிலும் நீங்கள் காசு கொடுப்பது கேபினுக்கு அல்ல, தண்ணீருக்கு.

அதனால் பதிவு செய்யும்முன் கட்டிலைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் ஓடையைப் பற்றிக் கேளுங்கள். ரேன்ச்சுக்குள் ஓடை எத்தனை மைல்? ஒரு நாளைக்கு எத்தனை பேரை அதில் விடுகிறீர்கள்? (ஒரு மைலுக்கு இருவர் என்றால் தாராளம்; ஆறு பேர் என்றால் சந்தைக்கடை.) மீன் ஓடையிலேயே பிறந்து வளர்ந்ததா, குளத்தில் வாங்கி விட்டதா? ஆகஸ்டில் வாய்க்காலுக்கு எவ்வளவு போகிறது? கடைசிக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் ரேன்ச்சை நம்பலாம்.

அங்கே தனியார் நிலம் என்பதால் மீன்பிடி உரிமம் வேண்டாம் என்று நண்பர் சொல்கிறார்.
*– வாசகி, சிகாகோ*

நண்பர் அபராதம் கட்டத் தயாரா? நிலம் தனியாருடையது, ஓடை மீன் மாநிலத்துடையது, உரிமம் வேண்டும். மொன்டானாவில் வெளிமாநிலத்தவர் மூன்று சீட்டு வாங்க வேண்டும்: இயற்கைப் பாதுகாப்பு உரிமம், நீர்வாழ் அந்நிய உயிரினத் தடுப்புச் சீட்டு, மீன்பிடி உரிமம். இணையத்திலேயே வாங்கி அச்செடுத்துக்கொள்ளுங்கள், கேபினில் சிக்னல் இருக்காது. அப்படியே பக்கத்து யெல்லோஸ்டோன் பூங்காவுக்குப் போனால் மாநில உரிமம் செல்லாது. பூங்காவின் தனிச்சீட்டு வேண்டும்.

முதல்முறை ஃப்ளை ஃபிஷிங் (செயற்கைப் பூச்சித் தூண்டில்) செய்கிறேன். கடையில் காட்டியதையெல்லாம் வாங்கினால் ஆயிரம் டாலரைத் தாண்டுகிறது. எது அவசியம்?
*– வாசகர், ஆஸ்டின்*

ஒன்பது அடி, 5 வெயிட் ராடு (தூண்டில் கோல்; எண் குறைந்தால் இலகு) ஒன்று. அதற்கேற்ற மிதக்கும் லைன். லைனின் முனையில் கட்டும் மெல்லிய இழையான லீடர், ஒன்பது அடி 4எக்ஸ், மூன்று (எக்ஸ் எண் கூடினால் இழை மெலியும்). லீடர் நுனியில் பூச்சியைக் கட்டும் டிப்பெட் இழை 4எக்ஸ், 5எக்ஸ் ஒவ்வொரு சுருள். சிறிய ஓடைக்கு 3 வெயிட் அழகு என்பார்கள். உண்மைதான், ஆனால் இந்தப் பள்ளத்தாக்குகளில் மதியத்துக்கு மேல் அடிக்கும் காற்றில் புதியவர் கையில் அது நிற்காது. 6எக்ஸ் போன்ற மெல்லிய இழை வேண்டவே வேண்டாம். அறுந்துவிடும் என்று பயந்து மீனை நீண்ட நேரம் இழுத்து விளையாடுவீர்கள். அது களைத்தே செத்துப்போகும்.

பூச்சிகள் (எண் முள்ளின் அளவு): பாரச்சூட் ஆடம்ஸ் 14, 16; எல்க் ஹேர் கேடிஸ் 14, 16; ஃபெசன்ட் டெயில் நிம்ஃப் 16; வுல்லி பகர் 8; ஆகஸ்டு என்றால் வெட்டுக்கிளி மாதிரிகள் 8, 10. வகைக்கு மூன்று போதும். மீதியை ரேன்ச்சுக்கு அருகிலுள்ள ஊர்க் கடையில் வாங்குங்கள். அந்த வாரம் எது பறக்கிறது என்பதைச் சேர்த்தே சொல்வார்கள்.

தூண்டில் முள்ளின் நுனிக்குப் பின்னால் உள்ள எதிர்ப்பல்லை முன்கூட்டியே இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். பல ரேன்ச்சுகளில் அது கட்டாயம். சதையில் ஏறினாலும் எளிதில் வரும். உங்கள் காதும் அதில் சேர்த்தி. துருவமுனைப்புக் (போலரைஸ்டு) கண்ணாடி தண்ணீருக்குள் பார்க்க மட்டுமல்ல, கண்ணைக் காக்கவும் வேண்டும்.

ஜூலை, ஆகஸ்டில் வேடர்ஸ் (மார்புவரை வரும் நீர்புகாக் கால்சட்டை) தேவையில்லை. சீக்கிரம் காயும் கால்சட்டையும் நல்ல பிடிப்புள்ள காலணியும் போதும். காலணியின் அடியில் கம்பளித்தட்டு ஒட்டியது வேண்டாம். அது காயாமல் அந்நிய நத்தைகளை ஓடைக்கு ஓடை சுமந்து செல்லும் என்பதால் யெல்லோஸ்டோனில் 2018 முதல் தடை. வேடர்ஸ் போட்டால் இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டுங்கள். விழுந்தால் தண்ணீர் உள்ளே நிரம்பாமல் தடுப்பது அதுதான்.

ஓடைக்குப் போகும் வழியில் நான்கு வேலிகள், மாடுகள் நடமாட்டம் என்கிறார்கள். என்ன கவனிக்க வேண்டும்?
*– வாசகர், சியாட்டில்*

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்டிருக்க வேண்டும். ரேன்ச்சுக்காரர்களுக்கு விருந்தினர்மேல் கோபம் வரும் இடம் பெரும்பாலும் கேட்தான்.

விதி ஒன்றே: எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போங்கள். திறந்திருந்தால் மூடாதீர்கள், மாடு தண்ணீருக்குப் போவதற்கென்றே திறந்துவைத்திருப்பார்கள். மூடியிருந்தால், ஐந்து நிமிடத்தில் திரும்புவதாக இருந்தாலும் மூடுங்கள். காளைகளைத் தனியே அடைத்திருக்கும் புலத்தில் ஒரு கேட் திறந்து கிடந்தால், அடுத்த ஆண்டுக் கன்றுகள் பிறக்கும் மாதமே மாறிவிடும்.

இரும்பு கேட் சுலபம். கம்பிக் கேட் பழகாதவர்களைப் படுத்தும். நாலைந்து முள்கம்பி வரிகள், நடுவே சில குச்சிகள், கடைசியில் ஒரு கழி. அந்தக் கழி வேலிக்கம்பத்தின் கீழ் வளையத்திலும் மேல் வளையத்திலும் மாட்டியிருக்கும். திறக்க, கழியைத் தோளோடு அணைத்துக் கம்பத்தை நோக்கி நெருக்குங்கள். இழுவை தளர்ந்ததும் மேல் வளையத்தைக் கழற்றி, கழியைக் கீழ் வளையத்திலிருந்து தூக்குங்கள். அப்படியே தூக்கிக்கொண்டு போய் வேலியோரம் விரித்துப் போடுங்கள். பாதையில் போட்டால் டயர் கிழியும். மூடும்போது முதலில் கீழ் வளையம், பிறகு தோள் கொடுத்து மேல் வளையம். மேலே முதலில் மாட்டப் பார்ப்பவர்கள்தான் அரைமணி நேரம் போராடுவார்கள். கழியைத் தலைகீழாகப் புரட்டிவிட்டால் கம்பிகள் முறுக்கிக்கொள்ளும். எவ்வளவு இழுத்தாலும் எட்டாது.

ஒற்றைக் கம்பியாக வெள்ளை நாடாவோ மெல்லிய கம்பியோ ஓடினால் மின்வேலி என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராஃபைட் ராடு மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதன் நுனி கம்பியில் பட்டால் அடி உங்களுக்குத்தான். ஜூலைப் பிற்பகலில் இடி கேட்டதும் ராடைக் கீழே வைக்கச் சொல்வதும் இதனால்தான்.

கன்றுக்கும் தாய்க்கும் நடுவே போகாதீர்கள், சுற்றிப் போங்கள். நாயைக் கூட்டிச் செல்வது ரேன்ச் அனுமதித்தால் மட்டும், அதுவும் கயிற்றில். நாயை மாடு ஓநாயாகவே பார்க்கும். துரத்தும்போது நாய் உங்கள் காலடிக்கு ஓடிவரும், மாடும் கூடவே வரும். அறுக்காத புல்லில் நடக்காதீர்கள், அது குளிர்காலத் தீவனம். சாலையில் மந்தை எதிர்ப்பட்டால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்துங்கள், ஹாரன் வேண்டாம். இருட்டிய பிறகு மெதுவாக ஓட்டுங்கள். கறுப்பு ஆங்கஸ் மாடு விளக்கு வெளிச்சத்தில் கடைசி நொடியில்தான் தெரியும்.

நாங்கள் சைவம். ரேன்ச் சாப்பாட்டில் எங்களுக்கு என்ன இருக்கும்? கேபினில் சமைக்கலாமா?
*– வாசகி, சான் ஹோசே*

பொதுச்சாப்பாடு என்றால் மாட்டிறைச்சிதான் நடுநாயகம். பீன்ஸிலும் பன்றிக்கொழுப்பு இருக்கலாம். முன்கூட்டிச் சொன்னால் முட்டை, உருளைக்கிழங்கு, சாலட், ரொட்டி என்று ஏதோ ஒப்பேற்றுவார்கள். நான்கு நாளுக்கு அது போதாது. அடுப்புள்ள கேபினைக் கேட்டு வாங்குங்கள்.

பிரஷர் குக்கர் கட்டாயம். ஏழாயிரம் அடியில் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும்; திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு மணிக்கணக்கில் வெந்தும் மசியாது. குக்கரிலும் இரண்டாயிரம் அடிக்கு மேல் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் நேரத்தை 5 சதவீதம் கூட்டுங்கள். ஏழாயிரம் அடியில் கால் பங்கு கூடுதல். விசில் எண்ணுவதைவிடக் கடிகாரம் பாருங்கள். கொண்டைக்கடலை, ராஜ்மாவை எட்டு மணி நேரமாவது ஊறவையுங்கள். சாதாரண அடுப்பில் வைக்கும் குக்கரே நல்லது. மின்குக்கரும் இண்டக்ஷன் அடுப்பும் ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும். சோலார் பேட்டரியில் ஓடும் கேபினில் மொத்த விளக்கும் அணையும். இட்லி மாவு புளிக்காது, விட்டுவிடுங்கள். ரவா உப்புமா, அவல், புளிக்காய்ச்சல் கைகொடுக்கும்.

சோறு, எண்ணெய், ரசத்து மண்டி எதையும் தொட்டியில் ஊற்றாதீர்கள். செப்டிக் டேங்க் அடைத்தால் பக்கத்தில் பிளம்பர் இல்லை.

கேபினில் விறகு அடுப்புதான் ஹீட்டராம். பற்ற வைத்தால் புகை சூழ்கிறது என்று ஒரு விமர்சனத்தில் படித்தோம்.
*– வாசகர், ஃபீனிக்ஸ்*

புகைபோக்கித் தகட்டைத் திறக்காமல் பற்ற வைத்திருப்பார்கள். முதலில் அந்தத் தகடும் அடியிலுள்ள காற்றுத் துளையும் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். குழாய் சில்லிட்டிருந்தால் புகை மேலேறாது. ஒரு காகிதத்தைச் சுருட்டிக் கொளுத்தி, அடுப்பின் மேற்பகுதியில் அரை நிமிடம் காட்டினால் இழுவை பிடிக்கும். பிறகு காகிதம், விரல் பருமனில் சிராய்கள், அவை நன்றாக எரிந்ததும் மணிக்கட்டுப் பருமனில் இரண்டு கட்டை. பெரிய கட்டைக்கு அதற்கப்புறம்தான் இடம். கதவை மூடி, காற்றைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். இரவுக்கென்று முழுதாக அடைத்தால் கரி படிந்து குழாயில் தீப்பிடிக்கும், விஷவாயுவும் சேரும். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று வந்ததும் அழுத்திப் பாருங்கள். சாம்பலை உலோக வாளியில் மட்டும் அள்ளுங்கள்.

பூட்டிக் கிடந்த கேபினில் எலிப்புழுக்கை கண்டால் துடைப்பத்தை எடுக்காதீர்கள். அங்குள்ள மான்நிற எலிகள் ஹாண்டா வைரஸைப் பரப்பும். தூசியாகப் பறந்தால் மூச்சில் ஏறும். அரைமணி நேரம் ஜன்னல்களைத் திறந்துவைத்து, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நனைத்து, ஐந்து நிமிடம் கழித்து, கையுறையோடு காகிதத்துண்டால் துடையுங்கள்.

பிடித்த மீனைப் பொரித்துச் சாப்பிட விடுவார்களா?
*– வாசகர், நியூ ஜெர்சி*

பெரும்பாலான ரேன்ச் ஓடைகளில் பிடித்ததை விட்டுவிட வேண்டும். குளத்தில் விட்ட மீன் என்றால் கேட்டுப் பாருங்கள். தாடைக்கடியில் ஆரஞ்சுக் கீற்று இருந்தால் அது மண்ணின் மீனான கட்த்ரோட், விட்டுவிடுங்கள். மொன்டானாவின் பிக் ஹோல் ஆற்றில் பெரிய முதுகுத் துடுப்புள்ள கிரேலிங் மீன் சிக்கினால் உடனே விட வேண்டும், சட்டம் அப்படி. விடும் முறை: கையை நனைத்துக்கொண்டு, ரப்பர் வலையில் தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளை எடுங்கள். படத்துக்குத் தூக்கினால் பத்து நொடிக்குள் இறக்குங்கள். நீரோட்டத்தை நோக்கித் தலையைப் பிடித்தால் தானே உதறிப் போகும்.

வைத்துக்கொள்ள அனுமதித்தால், குடலைக் கேபின் அருகே வீசாதீர்கள். மொன்டானா, வடமேற்கு வயோமிங்கில் கிரிஸ்லி கரடி உண்டு. மீன் கழுவிய தண்ணீரும் மசாலாப் பாத்திரமும் இரவில் வெளியே இருக்கக் கூடாது. எங்கே கொட்டுவது என்று ரேன்ச்சில் கேட்டுச் செய்யுங்கள். கரடியை விரட்டும் ஸ்ப்ரேயை விமானத்தில், சரக்குப் பெட்டியில்கூட, கொண்டுபோக முடியாது. இறங்கிய ஊரில் வாங்கி, பையில் அல்ல, இடுப்பில் மாட்டுங்கள்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவுக்கு 68 வயது, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார், இரவில் தூக்கத்தில் மூச்சுத் தடைக்கான சிபேப் கருவியும் உண்டு. கூட்டிப் போகலாமா?
*– வாசகி, ஹூஸ்டன்*

உயரத்தைக் கேளுங்கள். மொன்டானாவின் பிக் ஹோல் பள்ளத்தாக்கு ஆறாயிரம் அடி, வயோமிங்கின் பைன்டேல் ஏழாயிரத்துக்குச் சற்று மேல், கொலராடோவின் வால்டன் எட்டாயிரத்துக்கு மேல். ஹூஸ்டன் கடல்மட்டம். எட்டாயிரத்துக்கு மேல் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை சாதாரணம். வழியில் ஐந்தாயிரம் அடியில் ஓர் இரவு தங்கிப் போங்கள், மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். ஓய்விலும் மூச்சு வாங்கினாலோ நடை தள்ளாடினாலோ காத்திருக்காமல் கீழே இறக்க வேண்டும். அருகிலுள்ள மருத்துவமனை எத்தனை மைல் என்பதும் பதிவுக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி. ஜெனரேட்டர் இரவு பத்து மணிக்கு நின்றுவிடும் கேபின்கள் உண்டு. அங்கே சிபேப்புக்குத் தனி பேட்டரி வேண்டும். கழிவறை கேபினுக்குள்ளா, நாற்பது அடி தள்ளியா என்பதையும் கேளுங்கள். செப்டம்பர் இரவில் அந்தத் தூரம் பெரிது.