‘11 மணிக்கு ஆள் வரும்’ என்று சொல்லலாமா?

கேள்வி: தாம்பரத்தில் ஏ.சி. சர்வீஸ் நடத்துகிறேன். இரண்டு மெக்கானிக்குகள், ஆளுக்கு ஒரு நாளைக்கு 7 வேலை. முதல் வீட்டைத் தவிர எங்குமே சொன்ன நேரத்துக்குப் போக முடியவில்லை. 11 மணி என்று சொன்ன வீட்டில் 2 மணிக்குப் போய் நின்றால் திட்டு விழுகிறது. என்ன வழி?

பதில்: ஸ்பிளிட் ஏ.சி.யை ஜெட் பம்ப் வைத்துக் கழுவ 60 நிமிடம். அபார்ட்மென்ட் கேட்டில் பெயர் எழுதி, லிஃப்டுக்குக் காத்திருந்து, பணம் வாங்கி வெளியே வர 15. அடுத்த வீட்டுக்கு வண்டியில் 30. ஆக, ஒரு வேலைக்கு 105 நிமிடம். 7 வேலைக்கு 12 மணி நேரத்தையும் தாண்டுகிறது! தப்பு மெக்கானிக் மேல் இல்லை. சாப்பாட்டு நேரம் போக, 9.30 முதல் 6.30 வரை 4 வீடுதான் தாங்கும். கட்டுப்படியாகாது என்றால், ஒரே அபார்ட்மென்டில் இரண்டு மூன்று மெஷின் பிடியுங்கள். பயண நேரமும் கேட்டில் நிற்கும் நேரமும் மிச்சம்.

மணியைச் சொல்லாதீர்கள், இடைவெளியைச் சொல்லுங்கள். முதல் வீட்டுக்கு மட்டும் 9.30 என்று உறுதி கொடுக்கலாம். அடுத்தது 11–12, பிறகு 1.30–3, கடைசி 3.30–5.30. தாமதம் வீட்டுக்கு வீடு சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான் இடைவெளியும் போகப்போக அகலமாகிறது.

ஏரியாவைப் பிரித்துக் கொடுங்கள். ஒரு மெக்கானிக்குக்கு பெருங்களத்தூர், குரோம்பேட்டை, பல்லாவரம். இன்னொருவருக்கு சேலையூர், மேடவாக்கம், வேளச்சேரி. போன் வந்த வரிசையில் வேலை கொடுத்தால் இருவரும் நாள் முழுக்க ரோட்டில்தான் இருப்பார்கள். கூகுள் மேப்ஸில் இரவு உட்கார்ந்து பயண நேரம் பார்க்காதீர்கள். காலி ரோட்டுக் கணக்கைக் காட்டும்.

புக்கிங் எடுக்கும்போதே எத்தனை மெஷின், எத்தனையாவது மாடி, அவுட்டோர் யூனிட் கைக்கு எட்டுமா என்று கேளுங்கள். ‘தண்ணி சொட்டுது’ என்றால் பெரும்பாலும் டிரெயின் (தண்ணீர் வெளியேறும் குழாய்) அடைப்பு, வழக்கமான நேரம் போதும். ‘கூலிங்கே இல்லை’ என்றால் கேஸ் லீக்காக இருக்கலாம். நைட்ரஜன் ஏற்றி லீக் எங்கே என்று பார்த்து, வேக்கம் போட்டு (குழாயில் உள்ள காற்றை உறிஞ்சி எடுத்து), கேஸ் நிரப்ப 2 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதைக் கடைசி வேலையாக வையுங்கள். காலையில் வைத்தால் அன்றைய பிளான் மொத்தமும் சரியும்.

மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை அறிவிப்பையும் முதல் நாளே பாருங்கள். கரண்ட் இல்லாத வீட்டில் ஏ.சி.யை ஓட்டிக் காட்ட முடியாது. புது மெஷின் மாட்டுவதென்றால் வெள்ளிக்கிழமை 10.30–12 வேண்டாம். ராகு காலம் என்று உங்கள் ஆளை வாசலிலேயே உட்கார வைப்பார்கள்.

கேள்வி: போனால் வீடு பூட்டியிருக்கிறது. எவ்வளவு நேரம் காத்திருப்பது?

பதில்: 10 நிமிடம். முந்தைய வீட்டில் டூல்ஸை எடுத்து வைக்கும்போதே போன் செய்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். வழியில் செய்வதில் பயனில்லை. எடுக்கவில்லையா? ‘எப்ப வந்தாலும் சரி’ என்று சொன்ன பக்கத்து ஏரியா வாடிக்கையாளர் இரண்டு பேரின் நம்பர் மெக்கானிக்கிடம் இருக்கட்டும்.