தியாகம் எங்கே இருக்கிறது?

கேள்வி: ஜோஜோ மோயெஸின் 'மீ பிஃபோர் யூ' நாவலைப் படித்து அழுது தீர்த்தேன். காதலிக்குச் சுமையாக இருக்கக் கூடாது என்று வில் உயிரையே தியாகம் செய்கிறானே, இதைவிடப் பெரிய காதல் உண்டா?
– வாசகி ஒருவர்

பதில்: நாவல் விறுவிறுப்பானது, மறுக்கவில்லை. நீங்கள் சொல்லும் தியாகம்தான் எனக்குத் தென்படவில்லை. மோட்டார் சைக்கிள் மோதித் தண்டுவடம் அடிபட்ட வில், பிறர் உதவியோடு உயிரை முடித்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கும் சுவிட்சர்லாந்துக்குப் போய்ச் சாவது என்று லூயிசா அந்த வீட்டுக்கு வேலைக்கு வருவதற்கு முன்பே தீர்மானித்துவிட்டான். பெற்றோருக்காக ஆறு மாதம் தவணை கொடுக்கிறான், அவ்வளவுதான். உன்னை என்னோடு கட்டிப்போட விரும்பவில்லை என்று கடைசியில் சொல்கிறான், உண்மை. ஆனால் காதல் வருவதற்கு முன்பே எடுத்த முடிவு, காதலுக்காக எடுத்தது எப்படி ஆகும்? பழைய வாழ்க்கையை அவ்வளவு நேசித்தவனுக்கு இந்த வாழ்க்கை போதவில்லை. சக்கர நாற்காலியில் இருப்பவர் இறந்தால் மற்றவர்கள் நன்றாக இருக்கத்தான் இறந்திருப்பார் என்று நாமே நிரப்பிக்கொள்கிறோம். எனக்குக் கோபம் அதன் மேல்தான்.

1847இல் சார்லட் பிராண்டி எழுதிய 'ஜேன் அய்ர்' நாவலைப் பாருங்கள். நாயகி ஜேன் காதலிக்கும் ரோசெஸ்டருக்குப் பார்வை போய்விட்டது, ஒரு கையும் இல்லை. உனக்குத் தியாகம் செய்வதில் ஆனந்தம், அதனால்தான் என்னை மணக்கச் சம்மதிக்கிறாய் என்கிறார். ஜேன் சீறுகிறாள். நான் எதைத் தியாகம் செய்கிறேன், பட்டினியைக் கொடுத்து உணவை வாங்கிக்கொள்கிறேன் என்கிறாள். பார்வை இல்லாதபோதே அவரை மணக்கிறாள். ஒரு கண்ணில் பார்வை ஓரளவு திரும்புவது இரண்டு வருடம் கழித்துத்தான். அது இல்லாமலே பிராண்டி முடித்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

அப்புறம் 'ஹைடி' என்ற சிறுவர் நாவல். 1881இல் வந்த அதன் இரண்டாம் பாகத்தில், ஆடு மேய்க்கும் பீட்டர் பொறாமையில், ஹைடியின் நடக்க முடியாத தோழி கிளாராவின் சக்கர நாற்காலியை மலையிலிருந்து உருட்டிவிடுகிறான். அவள் எழுந்து நடக்கிறாள். அதுவும் சுவிட்சர்லாந்துதான்! கிளாரா அங்கே குணமாகிறாள், 2012இல் வந்த நாவலில் வில் அங்கே போய்ச் சாகிறான். நாற்காலியிலேயே இருந்துகொண்டு காதலித்து, சண்டை போட்டு, தலை நரைப்பவர்களுக்குக் கதையில் இடமே கிடைப்பதில்லை. அப்படி நிஜத்தில் வாழ்கிறவர்கள் ஏராளம். ஆல்பிரெக்ட், டெவ்லீகர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கடுமையான குறைபாடு உள்ளவர்களிடம் நேரில் பேசி 1999இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தங்கள் வாழ்க்கை நன்றாக அல்லது மிக நன்றாக இருப்பதாகச் சொன்னவர்கள் பாதிக்கும் மேல்.

வெறும் கதைதானே, இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களோடு எனக்குப் பழைய சண்டை உண்டு. வில் கோட்டை உள்ள குடும்பத்துப் பிள்ளை. அவனுக்கேற்ப மாற்றிக் கட்டிய தனி இருப்பிடம், உடலைப் பார்த்துக்கொள்ள நேதன், பேச்சுத்துணைக்குச் சம்பளத்தில் லூயிசா. பணமில்லாதவருக்கு இதையெல்லாம் யார் தருவது? பிரிட்டனில் 1988 முதல் 'இண்டிபெண்டன்ட் லிவிங் ஃபண்ட்' என்ற அரசு நிதி இருந்தது. கடுமையான குறைபாடு உள்ளவர்கள் காப்பகத்துக்குப் போகாமல் சொந்த வீட்டிலேயே உதவியாளர் வைத்துக்கொள்ள அது பணம் கொடுத்தது. 2015 ஜூன் 30ஆம் தேதி அரசு அதை மூடியது. ஏறக்குறைய 18,000 பேர் அதை நம்பியிருந்தார்கள். மறு வருடமே இந்த நாவல் படமாக வந்தது. லண்டன் சிறப்புக் காட்சிக்கு வெளியே உதவியோடு சாவதைச் சட்டமாக்குவதை எதிர்க்கும் மாற்றுத்திறனாளிகளின் 'நாட் டெட் யெட்' அமைப்பினர் சக்கர நாற்காலிகளில் வந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் போயிருப்பேன். வாழ்வதற்கான உதவி பறிபோகும் காலத்தில், சாவைக் காதலின் உச்சம் என்று திரையில் காட்டினால் யார் பொறுப்பார்?

நிதியை மூடாமல் வழியில்லை என்றும் என்னிடம் வாதிட வேண்டாம். இங்கிலாந்தில் பொறுப்பை உள்ளாட்சிகளிடம் தள்ளிவிட்ட அதே 2015 ஜூலையில், ஸ்காட்லாந்து தனக்கென்று ஓர் அமைப்பை ஏற்படுத்தி அந்தப் பணத்தைத் தொடர்ந்து கொடுத்தது. இன்றும் கொடுக்கிறது.