மூன்று வாரத்தில் மறுபடி நிரம்பிவிட்டது என்கிறீர்களே, கோளாறு டேங்கில் இல்லாமல் இருக்கலாம்

வணக்கம். பெங்களூரு ஹொரமாவு வீட்டில் லாரி வந்து கழிவை உறிஞ்சிப்போன மூன்று வாரத்தில் செப்டிக் டேங்க் நிரம்பி, மழையன்று கழிப்பறையில் தண்ணீர் ஏறியதாக எழுதியிருக்கிறீர்கள்.

டேங்க் நிரம்புவது இயல்புதான். நான்கு பேர் தினம் 400, 500 லிட்டர் விட்டால் 5,000 லிட்டர் டேங்க் பத்துப் பன்னிரண்டு நாளில் வெளியேறும் குழாய் மட்டத்துக்கு வந்துவிடும். அதற்கு மேலே ஏறினால்தான் கவலை. மூடியைத் திறந்து தள்ளி நின்று பாருங்கள். பக்கத்தில் நெருப்பு வேண்டாம். நீர் குழாய்க்கு மேலே நின்றால், குழாய் அடைத்திருக்கும், இல்லையென்றால் டேங்க் நீரை மண்ணுக்குள் விடும் உறிஞ்சுகுழி தண்ணீரை இழுக்கவில்லை. மழையில் நிலத்தடி நீர் ஏறினாலும் குழி இழுக்காது. திரும்பத் திரும்ப லாரி கூப்பிடுவது காசுக்குத்தான் கேடு.

சரி, குழாயை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஆசிட் ஊற்றாதீர்கள், கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா செத்துவிடும். தெருவில் யூஜிடி (பாதாளச் சாக்கடை) லைன் வந்திருந்தால் இணைப்பு வாங்குவதே நிரந்தர வழி.

அப்புறம், யார் சொன்னாலும் ஆளை உள்ளே இறக்காதீர்கள். விஷவாயு நொடியில் ஆளைச் சாய்த்துவிடும். பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறக்குவது, மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றம். ‘ஐந்து நிமிட வேலை சார்’ என்பார்கள், மறுத்துவிடுங்கள்.