ஃபேனைத் திருப்பிவிட்டுப் போகிற மருமகன்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. வயது 69. களுவாஞ்சிகுடிக்குப் பக்கத்தில் இளைய மகளோடு இருக்கிறேன். மூத்தவளுக்குப் பக்கத்து வளவில் வீடு கட்டிக் கொடுத்தோம். நாங்கள் இருந்த வீடு இளையவளுக்குச் சீதனமாகப் போனது. வீட்டு உறுதிப் பத்திரத்தில் சீவிய உரித்து, அதாவது சாகும்வரை இருக்கிற உரிமை, எனக்குத்தான். ஆனால் கணவர் இறந்தபின் இந்த வீட்டில் எனக்கு மதிப்பில்லை. எனக்குக் கேட்கக்கூடாது என்றே மெதுவாகக் கதைக்கிறார்கள். பேத்தி காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஃபோனோடு இருக்கிறாள். மருமகன் படித்தவர், ஆனாலும் ஓட்டோதான் ஓடுகிறார். பின்னேரம் நான் விறாந்தைக்கு வந்தால் ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டு எழும்பிப் போய்விடுவார். சந்தியில் ஓட்டோவுக்குள்ளேயே இருப்பாராம், இரவுச் சாப்பாட்டுக்குத்தான் வருவார். நான் பெரிதாக ஒன்றும் கேட்பதில்லை. லீசிங் கட்டியாச்சா என்று கேட்பேன், அவ்வளவுதான். வயதுபோனவர்களோடு அன்பாக நடக்க இந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாதா? பெற்றோரைக் கவனிக்காத பிள்ளைகளுக்குச் சட்டம் இருக்கிறதாமே? பேசாமல் முதியோர் இல்லத்துக்குப் போய்விடலாமா என்றும் யோசிக்கிறேன்.

பதில்: டீச்சர், இந்தக் கடிதம் எனக்கு வராத மாதமில்லை. வாழைச்சேனையிலிருந்து வரும், தம்பிலுவிலிலிருந்து வரும். எல்லாவற்றிலும் பிள்ளை மோசம், மருமகன் அதைவிட மோசம், எழுதியவர் மட்டும் வாயில்லாப் பூச்சி. "கவலைப்படாதீர்கள், உங்கள் அருமை ஒருநாள் அவர்களுக்குத் தெரியும்" என்று நாலு வரி எழுதி நானும் முடித்துவிடலாம். அது வேண்டுமென்றால் பக்கத்து வீட்டில் கேட்டாலே கிடைக்கும். அதற்கு முத்திரை ஒட்டிக் கடிதம் போடத் தேவையில்லை.

நான் உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் தாண்ட முடியாமல் நிற்கிறேன். ஃபேனை உங்கள் பக்கம் திருப்பிவிட்டு எழும்பிப் போகிறார் என்ற வரி. அதையும் ஒரு குற்றமாகத்தான் சேர்த்திருக்கிறீர்கள்.

கடிதத்தில் ஆடி மாதத் திகதி இருக்கிறது. கச்சான் அடிக்கிற காலம். மலைநாட்டுக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து சூடேறி எங்கள் பக்கம் இறங்குகிற காற்று அது. பின்னேரம் மூன்று மணிக்குச் சீமெந்துத் தரையில் கால் வைக்க முடியாது, தலையணைகூடச் சுடும். அந்த வெக்கையில் காலையிலிருந்து ஓட்டோ ஓடிவிட்டு ஒரு மனிதர் வந்து சேட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஃபேனுக்கு முன்னால் இருக்கிறார். அப்போது நீங்கள் வருகிறீர்கள். அவர் செய்கிற முதல் வேலை ஃபேனின் கழுத்தை உங்கள் பக்கம் திருப்புவது. அதற்குப் பிறகுதான் எழும்புகிறார். போகிற இடமும் காற்று வாங்குகிற கடற்கரை இல்லை, வெயிலில் நிற்கிற ஓட்டோ.

உங்களை வேண்டாம் என்று நினைக்கிறவர் ஃபேனை அப்படியே விட்டுவிட்டுப் போவார். கொஞ்சம் வன்மம் உள்ளவராக இருந்தால் நிற்பாட்டிவிட்டுப் போவார். இவர் திருப்பிவிட்டுப் போகிறார். ஒருநாள் இல்லை, தினமும். இதைப் பார்த்துவிட்டு மதிப்பில்லை என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது?

மாமி வந்தால் மருமகன் கதிரையை விட்டு எழும்புவது எங்கள் ஊரில் பழைய மரியாதை. உங்கள் தாயார் இருந்திருந்தால் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருப்பார். ஆனால் மரியாதைக்கு எழும்புகிறவர் ஒரு நிமிடம் நின்று, இரண்டு வார்த்தை கதைத்துவிட்டுத் திரும்ப இருப்பார். உங்கள் மருமகன் இரவுச் சாப்பாடுவரை திரும்புவதில்லை. உங்களுக்குக் காற்றுக் கொடுக்க அவரால் முடிகிறது, உங்களோடு இருக்கத்தான் முடியவில்லை. அதற்குக் காரணத்தையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அடுத்த வரியிலேயே.

"லீசிங் கட்டியாச்சா என்று கேட்பேன், அவ்வளவுதான்."

அவ்வளவுதானா? லீசிங் கட்டாவிட்டால் கம்பனிக்காரன் வந்து வாகனத்தைக் கொண்டுபோய்விடுவான் என்பது ஊருக்கே தெரியும். ஓட்டோ நிற்கிறது என்றால் காசு கட்டியாயிற்று என்றுதான் அர்த்தம். பதில் கண்முன்னே நிற்கும்போது எதற்குக் கேள்வி? நானே சொல்கிறேன். இந்த வீடு யாருடையது, இதில் யார் உழைத்துப் போதாதவர் என்பதை அவர் மறக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காக. "படித்தவர், ஆனாலும் ஓட்டோதான் ஓடுகிறார்" என்று முன்பின் தெரியாத எனக்கே எழுதியிருக்கிறீர்கள். அந்த "தான்" உங்கள் முகத்திலும் இருக்கும். அதை அவர் தினமும் பார்க்கிறார்.

அவர் நிலைமையையும் கொஞ்சம் யோசியுங்கள். எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்கு, குடி என்கிற வம்சமும் தாய்வழி. ஆண்பிள்ளை கல்யாணம் முடித்து மனைவி வீட்டுக்கு வருகிறான். அவன் பிள்ளைகள் மனைவியின் குடி. கோயிலில் குடிவாரியாகச் சடங்கு நடக்கும்போதுகூடப் பிள்ளைகள் ஒரு பக்கம், தகப்பன் இன்னொரு பக்கம். இந்த முறையை நான் குறை சொல்லவில்லை. பெண்பிள்ளைகளுக்குக் காலூன்ற ஓரிடம் வைத்திருக்கிற முறை, நான் அதன் பக்கம்தான். ஆனால் அது ஒழுங்காக நடப்பது வீட்டுக்கு வந்த ஆணுக்கு ஒரு கதிரையாவது உரிமையாக இருந்தால்தான். வளவு உங்களுடையது, கிணறு உங்களுடையது, சீவிய உரித்தும் உங்களுடையது. அவருக்கென்று அந்த வீட்டில் இருந்தது விறாந்தையில் பின்னேரம் ஒரு மணித்தியாலம். அதையும் நீங்கள் லீசிங் கேள்வியால் எடுத்துவிட்டீர்கள்.

இன்னொன்று. நாலு பக்கக் கடிதத்தில் மூத்த மகளின் பெயர் இருக்கிறது, இளையவளின் பெயர் இருக்கிறது, பேத்தியின் பெயர் இருக்கிறது, நாயின் பெயர்கூட இருக்கிறது. இங்கே அச்சில் நான் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். ஆனால் மருமகனின் பெயரை எடுக்க வேண்டி வரவில்லை. நீங்கள் எழுதவே இல்லை.

இனி, எனக்குக் கேட்கக்கூடாது என்றே மெதுவாகக் கதைக்கிறார்கள் என்பதற்கு வருகிறேன். இருக்கலாம். ஆனால் 69 வயதில் முதலில் சந்தேகப்பட வேண்டியது மகளை இல்லை, காதை. வயதோடு முதலில் குறைவது கூர்மையான ஒலிகளைக் கேட்கிற சக்தி. ச, த, ப எல்லாம் தேய்ந்து போகும். ஆள் கதைப்பது கேட்கும், என்ன கதைக்கிறார் என்பதுதான் பிடிபடாது. பக்கத்தில் ஃபேன் இரைந்தால் இன்னும் மோசம். அப்படிப்பட்ட ஒருவருக்கு வீட்டில் எல்லோரும் குசுகுசுப்பது போலத்தான் இருக்கும். தன்னைப் பற்றித்தான் கதைக்கிறார்கள் என்று மனமும் சொல்லிக்கொடுக்கும்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. காது மந்தமானால் தன் குரல் எவ்வளவு சத்தம் என்பதும் தெரியாமல் போகும். நீங்கள் சாதாரணமாகக் கேட்பதாக நினைக்கிற அந்த லீசிங் கேள்வி மதிலுக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருந்தால்? ஏற்கெனவே ஒரு வகுப்பறையின் கடைசி வாங்குவரை கேட்கப் பழகிய குரல் வேறு. மூத்த மகள் வீடு பக்கத்து வளவில்தானே, அந்த மருமகனுக்கும் கேட்டிருக்கும். சகலன் காதில் விழ, கடனைப் பற்றித் தினமும் விசாரிக்கப்படுகிற ஆண் எங்கே போவான்? சந்திக்குத்தான் போவான்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் காது, மூக்கு, தொண்டைக் கிளினிக் இருக்கிறது. போய்க் காட்டுங்கள். சில நேரம் குறும்பி அடைத்திருக்கும், அதை எடுத்தாலே பாதி வழக்கு முடிந்துவிடும். மெஷின் போடச் சொன்னால் வெட்கப்படாமல் போடுங்கள். கண்ணாடி போட வெட்கப்படாதவர்கள் காது மெஷினுக்கு மட்டும் மானம் பார்ப்பது எனக்கு விளங்குவதே இல்லை.

இந்த இடத்தில் உங்கள் மகளுக்கும் திட்டு உண்டு, இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள். தாய்க்குக் காது குறைகிறதா என்று கூட இருக்கிற மகள் கவனித்திருக்க வேண்டும். குசினிக்குள் நின்று முதுகைக் காட்டிக்கொண்டு கதைத்துவிட்டு, "அம்மாவுக்கு எதைச் சொன்னாலும் சண்டை" என்றால் எப்படி? முன்னால் வந்து, முகம் தெரிய நின்று, நிதானமாகச் சொல்ல வேண்டும். கத்தத் தேவையில்லை. கத்தினால் சொல் சிதையும், கோபம் மட்டும் போய்ச் சேரும்.

பேத்தி விஷயம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். விட்டுவிடுங்கள்.

சட்டம் கேட்டீர்கள். இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். 60 வயதுக்கு மேற்பட்ட பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்று கைவிடக்கூடாது என்று அது சொல்கிறது. தன்னைத்தானே பார்த்துக்கொள்ள வழியில்லாதவர் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பித்து, பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பணம் கேட்கலாம். விவரத்தை உங்கள் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். பெற்ற தாயைப் பட்டினி போட்டு, உறுதியை எழுதி வாங்கிக்கொண்டு வெளியே தள்ளிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். அப்படி ஒரு தாய் எழுதினால் இன்றைக்கே போங்கள் என்று நானே சொல்லுவேன். உங்களுக்குப் பென்சன் இருக்கிறது, சோறு இருக்கிறது, உறுதியில் உரித்து இருக்கிறது. உங்களுக்கு இல்லாதது விறாந்தையில் பக்கத்தில் ஒரு ஆள். அதற்கு எந்தச் சபையும் கட்டளை போடாது. ஓட்டோ ஓடுகிறவரை அங்கே கூப்பிட்டு நிறுத்தினீர்கள் என்றால் அன்றைய உழைப்பும் போகும், அந்த ஃபேனும் திரும்பாது.

முதியோர் இல்லம்? யாருமில்லாதவர்களுக்கு அது பெரிய புண்ணியம். உங்களுக்கு எதற்கு? அங்கே போனாலும் வாய் கூடவே வரும்.

கடுமையாக எழுதுகிறேன் என்று தெரியும். எனக்கும் வயது போய்க்கொண்டுதான் இருக்கிறது, அதனால் இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நாங்கள் உழைத்தோம், பிள்ளைகளை ஆளாக்கினோம், சண்டைக்காலத்தில் அவர்களை இழுத்துக்கொண்டு ஓடினோம், 2004 கடலையும் பார்த்தோம். அதற்காக இனிமேல் மனதில் பட்டதையெல்லாம் சொல்லலாம் என்று யாரும் எங்களுக்குப் பாஸ் தரவில்லை. கையில் வேலை குறையக் குறைய வாய்க்கு வேலை கூடிவிடுகிறது, அதுதான் நடக்கிறது. பெரியவர்களுக்குப் பிள்ளைகள் செய்ய வேண்டிய கடமை பற்றி எல்லா மேடையிலும் பேசுகிறார்கள். வீட்டுக்கு வந்த பிள்ளை வீட்டில் இருக்கும்படி நடந்துகொள்வது பெரியவர்களின் கடமை. என் கணக்கில் அதுதான் முதல் கடமை, ஏனென்றால் அந்த வீட்டில் அதிகாரம் இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

சரி, என்ன செய்வது? நாளைக்குப் பின்னேரம் அவர் ஃபேனைத் திருப்பினால், "இருங்க தம்பி, ரெண்டு பேருக்கும் படட்டும்" என்று சொல்லி நடுவில் வையுங்கள். அதற்குமேல் ஒன்றும் கதைக்காதீர்கள். அவர் அன்றைக்கு இருக்கமாட்டார், சந்தேகப்பட்டுக்கொண்டு போவார். அடுத்த நாளும் போவார். நீங்கள் கோபிக்கக்கூடாது. லீசிங் பற்றி இனி வாய் திறக்கக்கூடாது. மகளிடம் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பதும் கூடாது, அது அவர் காதுக்குப் போகும்.

உதவி செய்கிறேன் என்று லீசிங் காசை நீங்கள் கட்டப்போகாதீர்கள். இப்படி எழுதினால் அடுத்த வாரமே அதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன். அது அந்த மனிதருக்கு இன்னொரு அடி. பென்சனில் ஏதாவது செய்யத்தான் வேண்டும் என்றால் கரண்ட் பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபேன் உங்களுக்காகவும்தானே ஓடுகிறது. போய்க் கட்டிவிட்டு வாருங்கள். துண்டை மேசையில் எல்லோரும் பார்க்க வைக்காதீர்கள், அலுமாரிக்குள் போடுங்கள். யாராவது கேட்டால் ஓம் என்று சொல்லுங்கள், கேட்காவிட்டால் சும்மா இருங்கள். மூத்த மகளிடமும் சொல்லக்கூடாது. இந்தக் கடைசி விஷயம் உங்களால் முடியுமா என்று எனக்குச் சந்தேகம்தான், டீச்சர்.