நானோ தொழில்நுட்பத்தை அனிமேஷன் படம் காட்டிப் புரிய வைக்க முடியுமா?

முடியும். ஆனால் தப்பாகவும் புரிய வைத்துவிட முடியும். நான் அதைச் செய்திருக்கிறேன், அதனால்தான் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

நீங்கள் ஆசிரியராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 'நானோமீட்டர் என்றால் ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு' என்று பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால் எதிரே ஒரு முகத்திலும் சலனம் இருக்காது. அப்போதுதான் படம் எடுக்கலாமே என்று தோன்றும்.

நான் அனிமேஷன் வேலை செய்பவன், விஞ்ஞானி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் 'உனக்கு இயற்பியல் தெரியுமா' என்று யாராவது வருவார்கள். தெரிந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் செய்தேன்.

ஒரு ஆராய்ச்சிக்கூடத்துக்கு நான்கு நிமிடப் படம். 20 நானோமீட்டர் தங்கத் துகள் மருந்தைச் சுமந்து ரத்தத்தின் வழியே புற்றுக்கட்டிக்குப் போக வேண்டும். பாதைக்கு ஒரு வளைகோடு போட்டேன், இரண்டு முனையிலும் கீஃப்ரேம் வைத்தேன் (பொருள் எந்த நேரத்தில் எங்கே இருக்க வேண்டும் என்று குறித்துவைப்பது), துகளை அதன்மேல் ஓடவிட்டேன். அமைதியான ஆற்றில் படகு போகிற மாதிரி இருந்தது. தங்கமாயிற்றே என்று நகை போல மினுமினுப்பும் கொடுத்தேன். பார்த்த எல்லோருக்கும் பிடித்துப்போனது.

பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினோம். முடிந்ததும் ஒரு சிறுமி எழுந்து, "அதுக்கு வழி எப்படித் தெரியும்? உள்ள யாராவது உக்காந்து ஓட்டுறாங்களா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அவள் மேல் தப்பே இல்லை. நான் காட்டியதைத்தான் அவள் அப்படியே புரிந்துகொண்டிருந்தாள்.

ஆராய்ச்சிக்கூடத்தில் வயதான ஆய்வாளர் ஒருவர் இருந்தார். அவரிடம் போய்ச் சொன்னேன். "தம்பி, அந்தத் துகளை ஒரு கால்பந்துன்னு வச்சுக்கோ. ஒரு தண்ணீர் மூலக்கூறு 3 மில்லிமீட்டர் மணி. அந்த மணிகள் எல்லாப் பக்கமும் நெருக்கியடிச்சு ஓயாம இடிச்சுக்கிட்டே இருக்கு. பந்து எப்படி நேரா போகும்?" என்றார்.

அனிமேஷன் கற்க வருபவனுக்குச் சொல்லித்தரும் முதல் பாடங்களில் ஒன்று, நகரும் பொருள் மெல்ல வேகமெடுத்து மெல்ல நிற்க வேண்டும் என்பது. அதில்தான் கனம் தெரியும். நானோ அளவில் இந்தப் பாடத்தையே மறக்க வேண்டியிருந்தது. அங்கே திரவத்தின் பிசுபிசுப்பு எல்லாவற்றையும் பிடித்துக்கொள்கிறது. தள்ளுவது நின்றால் துகளும் அதே கணத்தில் நின்றுவிடும், வழுக்கிக்கொண்டு போகாது.

அப்புறம் வளைகோட்டை அழித்தேன். ஒரு துகளுக்குப் பதில் இரண்டாயிரம் துகள்களை ரத்த ஓட்டத்தில் விட்டேன், ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு தாறுமாறான உதறல். பெரும்பாலானவை கல்லீரலிலும் மண்ணீரலிலும் போய்ச் சிக்கின, நிஜத்திலும் அப்படித்தான் நடக்கிறது. கட்டியைத் தொட்டவை மிகக் கொஞ்சம். மினுமினுப்பையும் எடுத்துவிட்டேன். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமே ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர். 20 நானோமீட்டர் துகளுக்கு ஏது பளபளக்கும் மேற்பரப்பு? அந்த அளவுத் தங்கத் துகள்கள் தண்ணீரில் கலந்திருந்தால் தண்ணீர் சிவப்பாகத்தான் தெரியும். அதனால் 'இங்கே நிறம் அடையாளத்துக்கு மட்டும், நேரம் பல மடங்கு மெதுவாக்கப்பட்டிருக்கிறது' என்று திரையின் மூலையில் எழுதினேன்.

2013-ல் ஐபிஎம் என்ற கணினி நிறுவனம் மூலக்கூறுகளை வைத்தே எடுத்த படத்தில் ஒரு சிறுவனின் உருவம் உதறாமல் கலையாமல் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது வரைந்த படம் இல்லை. செப்புப் பரப்பில் கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக நகர்த்தி வைத்து நுண்ணோக்கியால் எடுத்தது. அந்த மூலக்கூறுகள் வைத்த இடத்தில் நின்றது சுமார் மைனஸ் 268 டிகிரி குளிரில். உடம்புச் சூட்டில் நீந்தும் துகளுக்கு அதை உதாரணம் காட்டாதீர்கள். படமாக அது எனக்கு உயிர், அது வேறு விஷயம்.

இரண்டாவது படத்தைத் திரையிட்டபோது பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "மீதி எல்லாம் எங்க போச்சு? அது உடம்புக்கு ஒண்ணும் பண்ணாதா?" என்று கேட்டான். ஆய்வாளர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து அரைமணி நேரம் பேசினார். அந்தத் துறையில் இருப்பவர்களே இன்றும் மண்டையை உடைத்துக்கொள்கிற கேள்வி அது.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. அந்தப் படம் பிறகு பல மேடைகளில் ஓடியது, கடைசியில் வரும் பெயர்களை மட்டும் வெட்டிவிட்டு. 'படம் நீளமாக இருக்கிறது' என்றார்கள். பதினொரு விநாடி. நானும் என்னோடு இரவு பகலாக ரெண்டர் போட்டு, அதாவது கணினி ஒவ்வொரு ஃபிரேமையும் படமாக்கி முடிக்கும்வரை, காத்திருந்த இரண்டு பேரும் அந்தப் பதினொரு விநாடியில்தான் இருந்தோம். நீங்கள் யாரிடமாவது படம் செய்து வாங்கினால் அதை மட்டும் வெட்டாதீர்கள்.