ஏரி மேல் படர்ந்த புகையிலிருந்து பிறந்த பாட்டு

"கிதார் கற்கிற எல்லாரும் முதலில் வாசிக்கிற அந்த ஹார்ட் ராக் பாட்டு எது? அதற்குப் பின்னால் ஏதாவது கதை உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

டீப் பர்ப்பிள் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' ('தண்ணீர் மேல் புகை'). கதை உண்டா என்றால், கதை மட்டும்தான் அந்தப் பாட்டு. கற்பனை கலக்காமல், கண்ணால் பார்த்ததை அப்படியே சொல்கிற பாட்டு அது. பெயரைக் கேட்டதும் போதைப்பொருள் பற்றிய பாட்டு என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அப்படி நினைத்துவிடுவார்களோ என்ற கவலை குழுவுக்குள்ளேயே இருந்தது.

1971 டிசம்பர். புதிய ஆல்பம் பதிவு செய்ய டீப் பர்ப்பிள் சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் இருக்கும் மோன்ட்ரூ நகரத்துக்கு வந்திருந்தார்கள். அங்கிருந்த கேசினோ கட்டடத்தின் அரங்கில் பதிவு செய்வதாகத் திட்டம். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான, லாரிக்குள் அமைத்த நடமாடும் ஸ்டூடியோவை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். டிசம்பர் 4 அன்று அமெரிக்க ராக் கலைஞர் ஃப்ராங்க் ஸாப்பாவின் கச்சேரி முடிந்ததும் அரங்கு இவர்கள் கைக்கு வரவேண்டும். கச்சேரி நடுவில் கூட்டத்திலிருந்த ஒருவன் சமிக்ஞைத் துப்பாக்கியால் கூரையை நோக்கிச் சுட்டான். கூரை பிரம்பு வேய்ந்தது, பற்றிக்கொண்டது. மோன்ட்ரூ ஜாஸ் விழாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான க்ளோட் நோப்ஸ் உள்ளே ஓடி ஓடி இளைஞர்களை வெளியே இழுத்துவந்தார். கட்டடம் முழுக்க எரிந்துபோனது, ஆனால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. பாட்டில் 'ஃபங்கி க்ளோட்' என்று வருகிறாரே, அவர்தான். உயிரைக் காப்பாற்றிய ஒருவரின் பெயர் இப்படி ஒரு பாட்டுக்குள் நிலைத்துப்போனது என்பதற்காகவே எனக்கு இந்தப் பாட்டின் மேல் தனி மரியாதை.

அன்று புகை ஏரி மேல் படர்ந்து கிடந்ததைக் குழுவினர் பார்த்தார்கள். சில நாள் கழித்து, பேஸ் கிதார் வாசிக்கும் ரோஜர் க்ளோவர் தூக்கம் கலையும்போது வாயில் வந்த சொற்கள்தான் தலைப்பு. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு பாடகர் இயன் கில்லனும் அவரும் நடந்ததை வரிசையாக எழுதிவிட்டார்கள்.

மெட்டு அதற்கு முன்பே பிறந்துவிட்டது. கேசினோ போனதும் ஊருக்குள் பெவிலியன் என்ற அரங்கை நோப்ஸ் பிடித்துக் கொடுத்தார். இரவில் சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் புகார் செய்ய, போலீஸ் வந்து கதவைத் தட்டியது. உள்ளே பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அது முடியும்வரை குழுவின் உதவியாளர்கள் கதவைத் திறக்கவிடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். அப்படிக் கிடைத்த ஒரே ஒரு வாத்தியப் பதிவுதான் இந்தப் பாட்டின் அடித்தளம். மீதி ஆல்பத்தைக் குளிர்காலத்துக்காக மூடிக்கிடந்த கிராண்ட் ஹோட்டலின் தாழ்வாரத்தில், மெத்தைகளை அடுக்கி எதிரொலியை அடக்கிப் பதிவு செய்தார்கள்.

இனி அந்த ரிஃப், அதாவது பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்கு. குழுவின் கிதார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் அமைத்தது. எனக்கு அதைக் கற்றுத்தந்தவர் விடுதியில் பக்கத்து அறை அண்ணன். "பிக்கைக் கீழே வை, விரலால இழு" என்றார். பிக் என்பது தந்தியை மீட்டும் சிறு தகடு. மேலிருந்து மூன்றாவது, நான்காவது தந்திகளை ஒன்றாக இழுக்கவேண்டும். முதலில் வெறும் தந்தி, அடுத்து மூன்றாம் ஃப்ரெட் (கிதார் கழுத்தில் இருக்கும் கட்டை), பிறகு ஐந்து. ஸ்வரமாகப் பாடினால் ஸ க ம, ஸ க ம ம, ஸ க ம க ஸ. இரண்டாம் அடியில் பிரதி மத்யமத்தை (மேல் 'ம') தொட்டு உடனே சுத்த மத்யமத்துக்கு (கீழ் 'ம') இறங்குகிறது. நம் காதுக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மத்யமம் அவ்வளவாகப் பழக்கமில்லை. அந்த உறுமல் அங்கேதான் இருக்கிறது. ஜான் லார்ட் தன் ஹாமண்ட் ஆர்கனை கிதாருக்கான மார்ஷல் ஆம்ப் (ஒலிபெருக்கி) வழியாக விட்டு அதே ரிஃபை இரட்டிக்கிறார். ஹெட்ஃபோனில் கேளுங்கள், எது கிதார் எது ஆர்கன் என்று பிரிப்பது கஷ்டம்.

இத்தனைக்கும் 1972இல் 'மெஷின் ஹெட்' ஆல்பம் வந்தபோது குழு நம்பியது வேறொரு பாட்டை. இது 1973இல்தான் அமெரிக்காவில் சிங்கிளாக (தனிப் பாட்டு இசைத்தட்டாக) வந்து பில்போர்டு விற்பனைப் பட்டியலில் 4ஆம் இடம் பிடித்தது. இன்று மோன்ட்ரூ ஏரிக்கரையில் இந்தப் பாட்டுக்கு நினைவுச்சின்னமே இருக்கிறது.

எனக்கு இதன் மிகப் பெரிய பயணமாகத் தோன்றுவது ஆர்மீனியா. 1988 டிசம்பர் நிலநடுக்கத்தில் அங்கே 25,000 பேர் அளவில் மாண்டார்கள். அடுத்த ஆண்டு கில்லன், பிளாக்மோர், பிரையன் மே, டேவிட் கில்மர், டோனி அயோமி என்று பல ராக் கலைஞர்களும் சேர்ந்து நிவாரண நிதிக்காக இதே பாட்டை மறுபடி பதிவு செய்தார்கள். கில்லனும் அயோமியும் அந்த நாட்டை மறக்கவில்லை. 2011இல் இன்னொரு சிங்கிள் வெளியிட்டு, நிலநடுக்கம் பாதித்த கியூம்ரி நகரில் குழந்தைகளுக்கான இசைப் பள்ளியைத் திரும்பக் கட்ட நிதி திரட்டினார்கள்.